சாவிப் பட்டனில் ரூஃப் மூட வேண்டும்: எஸ்எல்கே காருக்கு வெளி மாட்யூல் போடலாமா?

புனலூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, 2009 மாடல் மெர்சிடிஸ் எஸ்எல்கே 200 ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். துணி ரூஃப் இல்லை, உலோக ரூஃப் மடங்கி டிக்கிக்குள் போகிற வண்டி. வாரம் இரண்டு தடவை ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை, தென்காசி வருகிறேன். ரூஃபைத் திறந்து போட்டுவிட்டுக் கடைக்குள் போனால், சாரல் விழும்போது ஓடிவந்து உள்ளே உட்கார்ந்து, முழுக்க மூடும்வரை ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாட்யூல் என்கிற சின்ன மின்னணுப் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டால் சாவியிலேயே மூடலாம் என்கிறார்கள். போடலாமா? கேரளத்து எம்விடி (மோட்டார் வாகனத் துறை) பிடிப்பார்களா? பேட்டரி இறங்குமா?”

தம்பி, போடலாம். நல்ல மாட்யூலாக இருந்து, உங்கள் ரூஃப் ஏற்கெனவே நோய்நொடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்களோ, அதாவது கடைக்குள் நின்றபடி வெளியே நிற்கும் காரின் ரூஃபை மூடுவது, அதை மட்டும் செய்ய வேண்டாம் என்பேன். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. உங்கள் வண்டியின் உள் பெயர் ஆர்171. 2004-ல் வந்த தலைமுறை அது. அந்தக் காலத்து மெர்சிடிஸ் சாவி இரண்டு விதமாகப் பேசும். கதவைப் பூட்டுவதும் திறப்பதும் ரேடியோ அலையில். கண்ணாடி இறக்குவது, ரூஃப் திறந்து மூடுவது போன்ற வேலையெல்லாம் இன்ஃப்ராரெட்டில், அதாவது டிவி ரிமோட் மாதிரி. டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதை வாங்கிக்கொள்ளும் கண் இருக்கிறது. கதவுக்கு அருகில் நின்று, சாவியின் முனையைக் கைப்பிடிக்கு நேராகக் காட்டி, திறக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கண்ணாடிகள் இறங்கி ரூஃப் அசைய ஆரம்பித்தால், நீங்கள் கேட்கிற வசதியில் பாதி கம்பெனியே கொடுத்திருக்கிறது. பூட்டும் பட்டனைப் பிடித்தால் மூடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. தூரத்தில் நின்று அமுக்கிப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அசையவில்லை என்றால் சாவி முனையில் உள்ள கறுப்புப் பகுதியை மொபைல் கேமராவுக்கு முன்னால் பிடித்துப் பட்டனை அமுக்குங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி கேமராத் திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். சில மொபைலின் பின்பக்கக் கேமரா அதை வடிகட்டிவிடும். அப்போது முன்பக்கக் கேமராவில் பாருங்கள். மினுக்கவில்லை என்றால் சாவியின் செல்லை மாற்றிப் பாருங்கள். நிறைய வண்டிகளில் சிக்கல் அதோடு முடிந்துவிடுகிறது.

அதுவும் போதாது, ஒரே அமுக்கில் போக வேண்டும், கைப்பிடிக்கு நேராக நிற்காமல் போக வேண்டும் என்றால்தான் மாட்யூல் பேச்சு.

மாட்யூல் என்ற பெயரில் இரண்டு சாமான் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் வாங்கித்தான் ஆட்கள் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று, தனி ரிமோட்டோடு வரும் மலிவான ரிலே போர்டு, அதாவது ரிமோட்டில் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். கேட் திறக்க, மோட்டார் ஓட்டப் போடுகிற அதே சாமான். அதை ரூஃப் ஸ்விட்சுக்குக் குறுக்கே கட்டிவிடுவார்கள். இன்னும் மோசமாக, எண்ணெய் அழுத்தத்தில் ரூஃபைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பின் மோட்டாருக்கே நேராக 12 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். சில வருஷத்துக்கு முன் கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு துணி ரூஃப் வண்டி என் பட்டறைக்கு வந்தது. வேறு ஓர் ஊரில் யாரோ அப்படிப் பம்புக்கு நேராக ரிலே கொடுத்திருந்தார்கள். நாலு நாள் நன்றாக ஓடியிருக்கிறது. ஐந்தாம் நாள் முன் கண்ணாடி மேல் சட்டத்தில் உள்ள லாக் ஒரு பக்கம் விடுபடவில்லை. கம்பெனி வயரிங்கில் இருந்திருந்தால் அந்த லாக்கின் ஸ்விட்ச் “நான் இன்னும் திறக்கவில்லை” என்று சொல்லியிருக்கும், ரூஃபை ஆளும் கன்ட்ரோல் யூனிட் பம்பை நிறுத்தியிருக்கும். ரிலேவுக்கு யார் சொல்வது? பம்ப் தன் முழு பலத்தில் இழுத்தது. வண்டி என்னிடம் வந்தபோது ஒரு பக்க ஃபிரேம் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. ஓரத்து ரப்பர் பீடிங் கிழிந்து தொங்கியது. அந்த ஃபிரேமை நேராக்க யாராலும் முடியவில்லை, முழு செட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. வாங்கியவர் அந்த ரிமோட்டுக்குக் கொடுத்த காசு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு.

இரண்டாவது, காரின் கேன் பஸ்ஸைப் படிக்கிற மாட்யூல். கேன் பஸ் என்றால் காருக்குள் உள்ள கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஓடும் இரண்டு முறுக்கு வயர். நீங்கள் சாவியில் பட்டனை அமுக்கியதும் “திறக்கும் பட்டன் அமுக்கப்பட்டது” என்ற செய்தி அந்த வயரில் ஓடும். மாட்யூல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் செட் செய்து வைத்த வரிசையில், உதாரணமாக அடுத்தடுத்து மூன்று அமுக்கு வந்தால், ரூஃப் ஸ்விட்சை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி கன்ட்ரோல் யூனிட்டிடம் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பம்பைத் தொடாது, வால்வைத் தொடாது. டிக்கி மூடியிருக்கிறதா, உள்ளே ரூஃப் வந்து உட்காரும் இடத்தைப் பிரிக்கும் தட்டுத் திரை விரித்திருக்கிறதா, வோல்டேஜ் போதுமா என்று பார்ப்பதெல்லாம் பழையபடி கம்பெனி யூனிட்டே பார்க்கும். புது ரிமோட்டும் தேவையில்லை. இந்த வகையில் பெயர் எடுத்தது மாட்ஸ்4கார்ஸ் செய்யும் ஸ்மார்ட்டாப். உங்கள் ஆர்171-க்கும் செய்கிறார்கள். விலை சில நூறு யூரோ, அதற்கு மேல் கூரியர், சுங்கவரி எல்லாம் சேரும். வேறு யார் செய்ததை வாங்கினாலும் உங்கள் மாடலுக்கென்றே வந்த கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) செட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் கப்ளரைக் கழற்றி நடுவில் இதைச் சொருகினால் வேலை முடிய வேண்டும். வயரை வெட்டச் சொல்லும் எந்த மாட்யூலும் வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கம்பெனிக்காரன் ஏன் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னான்? ஒரே அமுக்கில் ஓடவிட அவனுக்குத் தெரியாமல் இல்லை. 1957-லேயே ஃபோர்டு ஸ்கைலைனர் என்ற அமெரிக்க வண்டியில் உலோக ரூஃப் டிக்கிக்குள் மடங்கியது.  1996-ல் முதல் எஸ்எல்கே வந்து அந்த வித்தையை இந்தக் காலத்து வண்டிக்குக் கொண்டுவந்தது. ரூஃபை ஓட்டுவது பழைய வித்தை. ஆனால் 22 விநாடி ஓடும் அந்த ரூஃபின் வழியில் ஒரு கை இருக்கிறதா, ஒரு குழந்தையின் தலை இருக்கிறதா என்று பார்க்கும் கண் வண்டிக்கு இல்லை. ஸ்விட்சில் இருக்கும் விரலுக்குச் சொந்தக்காரர்தான் அந்தக் கண். ஏதோ தப்பு என்று கண்டதும் விரல் தானாக எடுபடும், ரூஃப் நிற்கும். பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னதுதான் பாதுகாப்பு ஏற்பாடே. ஒரே அமுக்கு மாட்யூல் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடுகிறது.

கார்க் கண்ணாடிக்கும் சன்ரூஃபுக்கும் அமெரிக்கர்கள் வைத்திருக்கும் 118-ம் எண் விதியைப் பாருங்கள், எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். சாதாரண ரிமோட்டில் மூடுவதென்றால் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், 6 மீட்டருக்கு மேல் அது வேலை செய்யக் கூடாது. தானாக மூடும் கண்ணாடி என்றால் இடையில் எதுவும் மாட்டினால் 100 நியூட்டன் அழுத்தம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். 100 நியூட்டன் என்பது பத்து கிலோ எடை அழுத்துகிற மாதிரி. உங்கள் ரூஃபை ஹைட்ராலிக் சிலிண்டர்கள் தள்ளுகின்றன. மடிப்புகளில் விரலை வைத்தால் அது கண்ணாடி மாதிரி கருணை காட்டாது.

இன்னொன்று, எஸ்எல்கே-வுக்கே உரியது. உங்கள் டிக்கி மூடி இரண்டு விதமாகத் திறக்கும். சாமான் வைக்கத் திறக்கும்போது மற்ற கார் மாதிரி முன்பக்கக் கீலில். ரூஃபுக்காகத் திறக்கும்போது அப்படியே பின்னோக்கிச் சாயும். அதற்குப் பின்னால் இடம் வேண்டும். பிரானூர் பார்டரில் பரோட்டா கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறீர்கள். நிறுத்தும்போது பின்னால் ஒன்றும் இல்லை. நீங்கள் உள்ளே இலை முன்னால் உட்கார்ந்திருக்கையில் யாரோ பைக்கைக் கொண்டுவந்து உங்கள் பம்பரை ஒட்டி நிறுத்திவிட்டுப் போகிறார். தூறல் விழுகிறது. நீங்கள் உள்ளிருந்தே பட்டனை அமுக்குகிறீர்கள். டிக்கி மூடி பின்னால் சாய்ந்து பைக்கின் ஹேண்டில்பாரில் போய் நிற்கும். பைக்கில் ஒரு குழந்தையை உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தால்? இதைக் கற்பனைக்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வண்டிக்குப் பின்னால் ஒரு முழம் இடம் இருந்தால் அதில் ஒரு பைக் வந்துவிடும். சாவியின் ரேடியோ அலை சுவர் தாண்டிப் போகும். உங்கள் பார்வை போகாது.

அதனால் நான் மாட்டிக் கொடுக்கும் வண்டிகளில் ஒரே மாதிரிதான் செட் செய்கிறேன். சாவியில் திறப்பது மூன்று அமுக்கில் ஓடட்டும். மூடுவதற்கும் சாவி வேண்டுமென்றால், காருக்கு நாலைந்து அடி தள்ளி, டிக்கியும் முன் கண்ணாடியும் இரண்டும் தெரிகிற மாதிரி பின் மூலையில் நின்று செய்யுங்கள். ரூஃப் ஓடும்போது எந்தப் பட்டனை அமுக்கினாலும் நிற்கிற வசதி நல்ல மாட்யூலில் இருக்கும். வாங்கும் முன் அது இருக்கிறதா என்று கேளுங்கள், மாட்டிய அன்றே பத்து தடவை நிறுத்திப் பழகுங்கள். இரண்டு அமுக்கில் திறக்கும் செட்டிங் வேண்டாம். நம்மில் பலர் வண்டியைத் திறக்கும்போதே பழக்கத்தில் இரண்டு தடவை அமுக்குவோம். சாவி பாக்கெட்டில் இருக்க, குற்றாலத்தில் குளிக்கப் போன இடத்தில் ரூஃப் திறந்துகொண்டால் குரங்குகளுக்கு அது விருந்து. சீட்டைக் கிழிப்பதோடு போனால் பரவாயில்லை, மடங்கும் இடத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த உயிருக்கும் ஆபத்து.

வண்டி ஓடும்போதே ரூஃபைத் திறக்கும் வசதி என்று ஒன்றும் மாட்யூலில் வரும். ஆர்171-ஐக் கம்பெனி நின்ற நிலையில் மட்டும் ரூஃப் ஓட்டச் செய்தது. மாட்யூல் அந்தத் தடையைத் தளர்த்திக் குறைந்த வேகத்தில் ஓட்டவிடும். அதை ஆஃப் செய்து வைத்துவிடுங்கள். ஆடி மாதம் ஆரியங்காவுக் கணவாயில் இருந்து இறங்கும் காற்று உங்களுக்கே தெரியும். புளியரை எஸ் வளைவில் ஆளையே தள்ளுகிற காற்று. டிக்கி மூடி பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்தச் சில விநாடியில் கீல் மேல் எவ்வளவு சுமை விழும் என்று நினைத்துப் பாருங்கள். முன்னால் மரம் ஏற்றிய லாரி, பின்னால் பஸ், பின் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. வேண்டாம் தம்பி.

சரி, வண்டியின் உடம்பைப் பற்றிப் பேசுவோம். மாட்யூல் போட்டபின் ரூஃப் நடுவழியில் நின்றால் எல்லோரும் மாட்யூலைத்தான் திட்டுவார்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு பழைய நோய். அதனால் மாட்யூல் ஆர்டர் போடும் முன்பே இதையெல்லாம் பார்த்துவிடுவேன்.

முதலாவது தண்ணீர் வடியும் துளைகள். புனலூர்க்காரரான உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். மார்கழி, தை மாதத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். ரப்பர்த் தோட்டத்து ஓரமாக நிறுத்திய வண்டியின் பீடிங் இடுக்கெல்லாம் அந்த இலை புகுந்து, அடுத்த மழையில் ஊறிக் கூழாகி, வடிகால் துளையை அடைத்துவிடும். இந்தப் பக்கம் வந்தால் பிரானூர் மர மில்களின் மரத்தூள். துளை அடைத்தால் தண்ணீர் டிக்கிக்கும் சீட்டுக்கு அடியிலும் தேங்கும். அங்கேதான் வயரிங்கும் யூனிட்டும் இருக்கும். பிஎம்டபிள்யூ இசட்4-ன் முதல் தலைமுறையில் இதே கதையால் ஹைட்ராலிக் மோட்டாரே தண்ணீரில் மூழ்கிச் செத்த வண்டிகள் உலகம் முழுக்க உண்டு, ஏனென்றால் மோட்டாரை வைத்ததே வடிகாலுக்குப் பக்கத்துப் பள்ளத்தில். ஒரு டம்ளர் தண்ணீரைப் பின் கண்ணாடி ஓரத்தில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் மெல்லிய நைலான் வயரை விட்டு மெதுவாகக் குத்தி எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும்.

இரண்டாவது டிக்கி மூடிக்குப் போகும் வயர்க்கட்டு. மூடி திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டு வளைந்து நிமிர்கிறது. பதினைந்து வருஷ வண்டியில் உறை பிளந்து உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வரும். வெளியே பார்த்தால் டேப் சுற்றி அழகாக இருக்கும். நான் அந்த வளைவை இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் பிடித்து ஒவ்வொரு வயராக உருட்டிப் பார்ப்பேன். நல்ல வயர் நரம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். அறுந்த வயர் அந்த இடத்தில் மட்டும் ரப்பர் மாதிரி தொய்யும். இழுத்தால் உறை மட்டும் நீளும். அப்படி ஒன்று கிடைத்தால் அதே தடிமனில் மெல்லிழை வயர் சேர்த்து, சோல்டர் வைத்த இடம் வளைவுக்கு வெளியே இருக்கும்படி இணைத்து ஸ்லீவ் போட வேண்டும். வளைகிற இடத்திலேயே சோல்டர் வைத்தால் அது கம்பி மாதிரி விறைத்துப்போய் ஆறே மாதத்தில் அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும்.

மூன்றாவது டிக்கிக்குள் இழுத்து மாட்டும் தட்டுத் திரை. அது தன் இடத்தில் இருந்தால்தான் ரூஃப் அசையும். ரூஃப் மேலே இருக்கும்போது உங்கள் டிக்கி 300 லிட்டர், ரூஃப் உள்ளே வந்தால் 208 லிட்டர். எஞ்சியதில் அந்தத் திரைக்கு மேலே ஒரு துண்டு கிடந்தாலும் பின் கண்ணாடி வந்து அதன்மேல் உட்காரும். தென்காசிச் சந்தைக்கு வந்து காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் திரையின் ஸ்விட்சை ஏமாற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களைக் கேட்காமல் பின் கண்ணாடியைக் காப்பாற்றுகிற ஒரே ஸ்விட்ச் அது.

நான்காவது எண்ணெய். ஹைட்ராலிக் தொட்டியில் அளவு பாருங்கள், சிலிண்டர் முனைகளில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. அதை முதலில் செய்துவிட்டுத்தான் மாட்யூல்.

கடைசியாகப் பேட்டரி. பம்ப் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து எஞ்சின் ஓட ரூஃப் மூடுவது வேறு, எஞ்சின் நின்றிருக்கச் சாவியில் மூடுவது வேறு. பின்னதில் முழுச் சுமையும் பேட்டரி மேல்தான். பேட்டரி சோடையாக இருந்தால் பாதியில் யூனிட் நிறுத்திவிடும். அப்படியே விட்டால் சில நிமிஷத்தில் ஹைட்ராலிக் அழுத்தம் தளர்ந்து ரூஃப் தன் எடையில் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். அப்படி நின்றுவிட்டால் கையைக் கொடுத்துத் தாங்காதீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்விட்சில் முடித்து வையுங்கள். நண்பர்களுக்குக் காட்டுகிறேன் என்று வரிசையாக ஆறு தடவை ஓட்டினாலும் பம்ப் சூடாகி ஓய்வு கேட்கும். அது பழுது இல்லை, ஆறவிட்டால் சரியாகிவிடும்.

பேட்டரி இறங்குமா என்று கேட்டீர்கள். நல்ல மாட்யூல் கார் தூங்கும்போது தானும் தூங்கும். மோசமான மாட்யூல் தானும் தூங்காது, கேன் பஸ்ஸில் எதையாவது உளறிக்கொண்டிருந்து மற்ற யூனிட்டையும் தூங்க விடாது. மாட்டிய பின் நான் வண்டியைப் பூட்டி, முக்கால் மணி நேரம் சும்மா விட்டு, கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி நெகட்டிவ் வயரில் போட்டுப் பார்ப்பேன். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 300 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணி போகிறது. 70 ஆம்பியர் மணி பேட்டரி பத்தே நாளில் காலி, ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கும் முன்பே. இந்த அளவை மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாட்டிய பின் ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னால் எழுதாமல் பின்னால் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

இப்போது சட்டம். இந்த விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்சி-யில் உள்ளவை ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கிச் சொன்ன தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவு புதிதாக எழுதப்பட்டு, சட்டம் அனுமதிக்காதபடி உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆயிற்று. கேரளத்து அதிகாரிகள் இதில் கறாராக இருக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் நீங்கள் போடப்போவது பாடியை, நிறத்தை, எஞ்சினை, சீட்டை, விளக்கை, சைலன்சரை எதையும் தொடுவதில்லை. ஆர்சி-யில் உள்ள எந்த விவரமும் மாறவில்லை. ரூஃப் கம்பெனி ரூஃப், ஓட்டுவது கம்பெனி யூனிட். அந்த வகையில் உங்களுக்குப் பிரச்சினை வர இடமில்லை என்பதே என் புரிதல். பில், வாங்கிய கடையின் விவரம், மாட்யூலின் கையேடு மூன்றையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

தனி ரிமோட்டோடு வரும் சாமானைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். 315 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய அமெரிக்க ரிமோட்டை இங்கே கொண்டுவந்தால் அந்த அலைவரிசை நம் நாட்டில் கார்ச் சாவிக்கென்று ஒதுக்கியது இல்லை. இங்கே பொதுவாக ஓடுவது 433.92. உங்கள் சாவியையே பயன்படுத்தும் மாட்யூலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். எலக்ட்ரிகல் ஆக்சஸரி என்று சேர்த்தால் பொதுவாக அதன் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் வரும். சின்னத் தொகை. நாளைக்கு வயரிங்கில் ஏதாவது நடந்து கிளைம் போடும்போது “சொல்லாமல் மாட்டினீர்கள்” என்ற பேச்சு வராது.

மாட்டும் வேலை எப்படி என்று ஒரு சொல். அவசரப்படாமல் செய்தால் அரை நாள். பேட்டரியைக் கழற்றும் முன் சாவியை வெளியே எடுத்து, வண்டி தூங்கும்வரை காத்திருப்பேன். பிஎம்டபிள்யூ, மினி வண்டிகளில் இதை இன்னும் பயபக்தியோடு செய்வேன். அவற்றில் கால் பக்கத்தில் இருக்கும் எஃப்ஆர்எம் என்ற யூனிட் வோல்டேஜ் தடுமாறினால் தன் நினைவை இழந்துவிடும். அதுதான் கண்ணாடியை இறக்குகிறது. கண்ணாடி இறங்காமல் அந்த வண்டியில் ரூஃப் அசையாது. ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்ததாலேயே ரூஃப் நின்றுபோய் வந்த மினியைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மெர்சிடிஸில் அந்த யூனிட் இல்லை, இருந்தாலும் பழக்கம் நல்லது. கப்ளரைச் சொருகும்போது ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் லாக் விழவில்லை என்று அர்த்தம், ஆரியங்காவு ரோட்டுக் குலுக்கலில் ஒரு நாள் கழன்றுகொள்ளும். மாட்யூலைத் துணி டேப் சுற்றி, ஈரம் தேங்காத உயரத்தில், உலோகத்தில் மோதிச் சத்தம் வராமல் கட்ட வேண்டும். பிறகு ஸ்கேனர் போட்டுப் பழுதுக் குறிப்பு எதுவும் புதிதாக விழவில்லை என்று பார்க்க வேண்டும். மாட்யூலை முழுக்க ஆஃப் செய்யும் வழி ஒன்று கையேட்டில் இருக்கும். அதைப் பழகிக்கொள்ளுங்கள், வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது ஆஃப் செய்துவிட்டுக் கொடுங்கள், அங்கே வேலை பார்க்கிற பையன்களுக்கு உங்கள் மூன்று அமுக்கு வித்தை தெரியாது. டிக்கிக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முக்கியமாகக் கார் ஷெட். உங்கள் ஊர்ப்பக்கம் தாழ்வான ஷீட் போட்ட ஷெட்டுகள் அதிகம். டிக்கி மூடி சாய்ந்து, ரூஃப் நிமிர்ந்து உச்சிக்குப் போகும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று ஒரு தடவை திறந்த வெளியில் ஓட்டி, நடுவில் நிறுத்தி, டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு தள்ளி வருகிறது என்பதையும். அந்த இரண்டு அளவுக்கும் ஷெட் போதாது என்றால் சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

இன்னொன்று: நனைந்த ரூஃபைத் திறக்காதீர்கள். மேலே நிற்கும் தண்ணீர் முழுவதும் மடங்கும்போது டிக்கிக்குள் சரியும். ஒரு பழைய துண்டு டிக்கியிலேயே இருக்கட்டும், திரைக்குக் கீழே.

வண்டியை இங்கே கொண்டுவருவதாக இருந்தால் காலையில் வாருங்கள், மதியத்துக்கு மேல் சாரல் பிடித்துக்கொண்டால் ரூஃபைப் பாதியில் நிறுத்தி வேலை பார்க்க முடியாது. டிக்கியைக் காலி செய்துவிட்டு, இரண்டு சாவியையும் எடுத்து வாருங்கள். மாட்யூலை இன்னும் வாங்க வேண்டாம். முதலில் வயர்க்கட்டையும் வடிகாலையும் பார்த்துவிடுவோம்.